கடைசியாக மாற்றிய தேதி

என் கொழுந்தன் மனைவி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதமே ஜன்னல் வைத்த முன்னறை அவளுக்குப் போய்விட்டது. அதுவரை அது எங்கள் அறை. அங்கேதான் நெட் நன்றாக எடுக்கிறது, அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், வெளியூர்க் கம்பெனி, வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங் இருக்கும் என்று என் கணவரே காரணம் அடுக்கி, என் பீரோவைப் பின்னறைக்குத் தள்ளினார். மீட்டிங் நடக்கும்போது குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். நானும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலைக்குப் போய்வருகிறவள்தான். என் வேலைக்காக அந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட யாரும் மெதுவாக வைத்ததில்லை.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். இதற்கு மரியாதையான பெயர் எதையாவது தேடி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. அவளும் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்தான், எங்களைப் போலத்தான். ஆனால் கோயம்புத்தூரில் படித்தாள். நான் மதுரையில் பாலிடெக்னிக் முடித்தவள். அவள் செய்தால் வேலை, நான் செய்தால் ஆபீசுக்குப் போய்வருவது.

எனக்கும் கம்ப்யூட்டரில்தான் பிழைப்பு. தல்லாகுளத்தில் ஓர் இன்ஜினியரிடம் வீட்டு பிளான் போடுகிறேன். சின்ன அலுவலகம். எல்லோருடைய பிளான்களும் மூலையில் இருக்கிற ஒரு பழைய லினக்ஸ் பெட்டியில் சேர்கின்றன. அதை அமைத்துக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போனபின் யாரும் அதன் பக்கம் போகவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்தாலே எல்லோருக்கும் பயம். நான் மட்டும் மத்தியானச் சோறு முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளையாக அடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும்.

எங்கள் அலுவலகத்தின் தீராத தொல்லை, எது கடைசி பிளான் என்பது. ஒரே வீட்டுக்கு 'பைனல்' என்று ஒரு பைல் இருக்கும், 'பைனல் புதுசு' என்று ஒன்று இருக்கும், 'பைனல் சார் சொன்னது' என்று ஒன்று இருக்கும். வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மச்சானைக் கலந்து பேசிவிட்டுத் திங்கட்கிழமை சமையலறையை இடம் மாற்றச் சொல்வார். பெயரை நம்பினால் கெட்டோம். அதனால், ஒரு வீட்டின் பெயரைக் கொடுத்தால் அதிலுள்ள எல்லா பைல்களையும், ஒவ்வொன்றும் கடைசியாக மாற்றப்பட்ட தேதியோடு, புதியது மேலே வருகிற மாதிரி காட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். சாதாரணமாகப் பட்டியல் கேட்டால் அந்தப் பெட்டி புதிய பைலுக்கு மணியைக் காட்டும், பழையதற்கு மணியை விட்டுவிட்டு வருடத்தைக் காட்டும். பார்க்கிறவர்களுக்குக் குழப்பம். என் ஸ்கிரிப்டில் எல்லாம் ஒரே மாதிரி வரும். இன்ஜினியர் பார்த்துவிட்டு, 'அட' என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

இரண்டு நாள் கழித்து அவர் தன் மேக் மடிக்கணினியில் அதை ஓட்டிப் பார்த்தார். சைட்டுக்குப் போகும்போது எடுத்துப் போகிற மெஷின் அது. ஒரு தேதிகூட வரவில்லை. வரிக்கு வரி ஏதோ தப்பு என்று ஆங்கிலத்தில் திட்டியது. அவர் திரையை என் பக்கம் திருப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"உங்க வீட்லதான் ஒருத்தங்க பெரிய கம்பெனியில இருக்காங்கள்ல, அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கம்மா."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. முன்னறை போயிற்று, வீட்டில் என் சொல் போயிற்று. பாலம் தாண்டி, கோரிப்பாளையம் சிக்னலில் வெந்து, தல்லாகுளம் வந்து உட்காருகிற இந்த ஒரு மேஜையாவது அவள் இல்லாத இடம் என்று நினைத்திருந்தேன். இங்கேயும் அவள் பெயரைச் சொல்கிறார்கள். இந்த ஸ்கிரிப்டை எல்லா மெஷினிலும் ஓட வைப்பேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அது என்னுடையதாக இருக்க வேண்டும், முழுக்க முழுக்க.

கோளாறு இதுதான். பைலின் தேதியைச் சொல்ல ஸ்டாட் என்று ஒரு கட்டளை உண்டு. பைலின் ஜாதகமே அதனிடம் இருக்கும். லினக்ஸில் அதன் பக்கத்தில் சி என்ற எழுத்தைப் போட்டு, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். மேக்கில் அதே கேள்வியை எஃப் போட்டுக் கேட்க வேண்டும். சரி, முதலில் எஃப் கேட்போம், வராவிட்டால் சி கேட்போம் என்று எழுதினேன். மேக்கில் ஓடியது. லினக்ஸுக்கு வந்தால், பைலை விட்டுவிட்டு டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்று கதை அளந்தது. அங்கே எஃப் என்றால் வேறு அர்த்தமாம். வரிசையை மாற்றி, சியை முன்னாலும் எஃபைப் பின்னாலும் வைத்தேன். தெரியாத எழுத்தைக் கண்டதும் மேக் உடனே மறுத்துவிடும், அப்போது அடுத்த கேள்விக்குப் போகலாம். இந்த ஒரு வரிசை புரிவதற்கு எத்தனை மத்தியானம் போயிற்று என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிறகு, பெயருக்கு நடுவில் இடம் விட்ட பைல்கள் எல்லாம் இரண்டு துண்டாகி, 'பைனல்' என்ற பைலும் இல்லை, 'புதுசு' என்ற பைலும் இல்லை என்று சண்டை போட்டன. அதற்கு மேற்கோள்குறி போட்டேன்.

வீட்டில் அவள் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். "என்னக்கா, ஆபீஸ் வேலையா?" என்று ஒருநாள் எட்டிப் பார்த்தாள். நான் திரையைச் சாய்த்துக்கொண்டு, ஒன்றுமில்லை, மின்சார பில் கட்டுகிறேன் என்றேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஸ்கிரிப்ட் இரண்டு மெஷினிலும் ஒரே மாதிரி ஓடியது. இன்ஜினியர் மேக்கில் அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டீர்களா என்றார். இல்லை சார், நானேதான் என்றேன். 'நானேதான்' என்ற அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு எத்தனை தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேனோ தெரியாது. திரும்பும்போது கோரிப்பாளையம் சிக்னல்கூடச் சீக்கிரம் விட்டது.

எங்கள் அலுவலகத்தில் பூஜை பெரிதாக நடக்கும். எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டுக்குப் பூச்சாத்தி அணைத்துவிடுவோம். அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில், நல்ல நேரத்தில், நடப்பில் இருக்கிற பிளான்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து ஒருதரம் சேமித்து மூட வேண்டும். இன்ஜினியரின் அப்பா காலத்தில் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார்களாம். கை படாத வேலை அந்த வருடம் பூராவும் இழுத்துக்கொண்டே போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் குளித்து, பட்டு கட்டிக்கொண்டு போய், பக்தியோடு ஒன்றுவிடாமல் திறந்து சேமித்தேன். 'பைனல்', 'பைனல் புதுசு', 'பைனல் சார் சொன்னது', எல்லாவற்றையும்.

அடுத்த வாரம் அழகர்கோவில் சாலையில் நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து கொத்தனார் இன்ஜினியருக்குப் போன் செய்தார். மாடிப்படி ஈசானிய மூலையிலா, தென்மேற்கிலா? வீட்டுக்காரர் வாஸ்து பார்க்கிறவரைக் கேட்டு அதை அங்கும் இங்குமாக மாற்றிக்கொண்டே இருந்தார். அந்த பிளானைப் போட்டவர் ஊருக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. வீட்டுக்காரரையே கேட்டால் மானம் போகும் என்றார் இன்ஜினியர். பிறகு எல்லோரையும் பார்த்து, அதற்குத்தான் அம்மா ஒன்று எழுதி வைத்திருக்கிறார்களே என்று என்னைக் கூப்பிட்டார்.

ஓட்டினேன். அந்த வீட்டின் எல்லா பைலும் விஜயதசமி அன்று காலையில் மாற்றப்பட்டதாகக் காட்டியது. நான் திறந்து மூடிய வரிசையில், நிமிடம் தவறாமல். ஸ்கிரிப்டில் எந்தப் பிழையும் இல்லை. கேட்டதைச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. இன்ஜினியர் கொத்தனாரிடம், படியை விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தப் பெரிய கம்பெனிக்காரியை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்த்து என் கணவர் கிளறினார். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனாலும் மனசு தாங்காமல் பூஜை, மாடிப்படி, தேதி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அவள் எதிரில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்:

"கொத்தனாரு எதப் பாத்துக்கா கட்டுவாரு? உங்க கம்ப்யூட்டரையா?"

இல்லை, பிளானைப் பிடிஎஃப் ஆக்கி அவர் போனுக்கு அனுப்புவோம் என்றேன்.

"அதையும் பூஜைக்குத் தொறந்து மூடுனீகளா?"

இல்லை. வேலை செய்கிற பைல்களை மட்டும்தான்.

"அப்ப அந்த பிடிஎஃப் தேதியப் பாத்தாப் போதும்ல" என்று சொல்லிவிட்டு மாமியார் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.

அதெல்லாம் சரிப்பட்டு வராது என்றேன் நான். திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போய், ஸ்கிரிப்டில் எந்த வகை பைலைத் தேட வேண்டும் என்கிற ஒரு வரியை மட்டும் மாற்றினேன். பிடிஎஃப்கள் அதனதன் தேதியோடு வரிசையாக வந்து நின்றன. கடைசியாக அனுப்பியதில் மாடிப்படி தென்மேற்கில் இருந்தது. ஊரிலிருந்து திரும்பியவரும் அதுதான் சரி என்றார். இன்ஜினியர் இரண்டு தடவை 'அட' சொன்னார். யார் சொன்னது என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் எனக்குத் தெரியுமே. அந்த வரியை எடுத்துவிட்டு, அவள் யோசனை இல்லாமல் வேறு வழியில் எழுதப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அதைவிட மட்டமாகத்தான் வந்தது. திரும்ப அதையே போட்டேன். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் என் கண் அந்த வரிக்குத்தான் போகும்.

பிறகு அவளே வந்து கேட்டாள். அவளுடைய டீமில் பாதிப் பேர் லினக்ஸ், பாதிப் பேர் மேக், இந்த மாதிரி ஒன்று அவர்களுக்கும் தேவை, தர முடியுமா என்று. என் கணவர் பெருமையடித்திருக்கிறார். கொடுத்தேன். நல்லெண்ணத்தில் கொடுக்கவில்லை. மீட்டிங்கில் தான் எழுதியதாகச் சொல்வாள், அந்த ஒரு வரிக்காவது உரிமை கொண்டாடுவாள், பிடித்துக்கொள்ளலாம் என்று கொடுத்தேன். எனக்கு அவள்மேல் ஒரு நியாயமான குறை தேவைப்பட்டது. இத்தனை நாளில் ஒன்றுகூட அகப்படவில்லை.

மீட்டிங் அன்று விடுப்பு எடுத்தேன். காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து, முன்னறைக் கதவை ஒட்டி உட்கார்ந்து மடித்தேன். ஆங்கிலத்தில்தான் பேசினாள், எனக்குப் புரிகிற ஆங்கிலம். இதை எழுதியது என் அக்கா, மதுரையில் பிளான் போடுகிறவர், ஒருவரிடமும் கேட்காமல் முழுக்க அவரே எழுதினார் என்றாள். முதலில் சியைக் கேட்டு அப்புறம் எஃபைக் கேட்பது ஏன் என்று விளக்கினாள், நான் விளக்குவதைவிட நன்றாக. கடைசியில், ஆனால் இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு வரி, எதை யாரும் திரும்பத் திறக்கமாட்டார்களோ அதன் தேதியைப் பார்க்கிறார் பாருங்கள், எங்களுக்கெல்லாம் இது தோன்றாது என்றாள். அந்தப் பக்கம் யாரோ பாராட்டினார்கள்.

கதவைத் திறந்து வந்தவள், நான் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது என்றாள். என்னைக் கேலி செய்கிறாளா, பிச்சை போடுகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன். பிறகு கேட்டேவிட்டேன்.

"அந்த பிடிஎஃப் யோசன நீ சொன்னதுதான?"

"நானாக்கா?" அவள் நிஜமாகவே யோசித்தாள். "எப்பச் சொன்னேன்?"