பொலிஸ் பதிவுக்கு ஒரு பெட்டி

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த, பெரிய வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம் இருந்தது, என் கணவர் எடுத்து வைக்கும் பொருளைத் தவிர. யுத்த காலம். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய கடதாசியைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வந்தால் உடனே காட்ட வேண்டும். ஒரு ஞாயிறு காலை வந்தார்கள், கடதாசி அகப்படவில்லை. நான் மேசையின் மூன்று லாச்சிகளையும் தரையில் கொட்டித் தேடிக்கொண்டிருக்க, அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய பத்திரிகைக் கட்டுக்குள் கடதாசியைக் கண்டெடுத்துக்கொண்டு ஓடினேன். அவரை வெளியே விட்டபோது பின்னேரம் ஐந்து மணி. அதுவரை பொலிஸ் நிலைய வாசலில் நின்றேன். அங்கே நின்றபடிதான் முடிவெடுத்தேன், இனி அந்தக் கடதாசிக்கு வாசலருகே ஒரு பெட்டி இருக்கும், அதை நானே செய்வேன் என்று.

"பிஸ்கட் டின் ஒண்டு காணாதோ?" என்றார் அவர்.

காணாது, போதவே போதாது. டின் என்றால் ஊசி, நூல், கரண்ட் பில் எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். அதோடு எனக்கு ஒரு வீம்பும் இருந்தது. பயந்து பயந்து நீட்டும் கடதாசி, அழகான ஒன்றுக்குள்ளிருந்தாவது வரட்டுமே.

நான் கட்டடப் படம் வரையும் வேலை பார்த்தவள். ஓர் அளவு பிசகினால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது. குசினிக்குப் பின்னால், உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில், இரண்டு ட்ரங்குப் பெட்டிகளின் மேல் ஒரு பழைய கதவைப் போட்டேன். அதுதான் என் பட்டறை. மருதானை மரக்காலையில் மகோகனித் துண்டுகள் வாங்கியபோது கடைக்காரர் சொன்னார்: "மிஸ், மூடிய டைட்டா வெக்க வாணாம். மழைக்கு மரம் ஊதும்."

எனக்கா அளவு சொல்லித் தருகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வேலை விட்டு வந்ததும் தினமும் அங்கேதான். முதல் பெட்டி கோணிப்போனது, எறிந்தேன். இரண்டாவதில் பெருவிரலை வெட்டிக்கொண்டேன், துணி சுற்றிக்கொண்டு தொடர்ந்தேன். பக்கங்களின் உட்புறம் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, மூடி அதற்குள் சறுக்கி ஓடும்படி வைத்தேன். மூடியின் மேல் ஐந்து இதழ்களுடன் ஒரு நித்தியகல்யாணிப் பூ. கடதாசியை உள்ளே வைத்து மூடியைத் தள்ளி மூடினால் மயிரிழை இடைவெளிகூட இல்லை. கர்வம் பிடிபடவில்லை எனக்கு.

"என்னப்பா, பொலிசுக்குச் சீதனமோ குடுக்கப் போறீர்?" என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்து ஒரு கிழமைக்குப் பிறகு, ஒரு பின்னேரம் திரும்ப வந்தார்கள், ஒரு சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிளும். "கோ, ரிப்போர்ட் எக?" என்று சார்ஜன் சிங்களத்தில் பதிவுக் கடதாசியைக் கேட்டார். நான் நிமிர்ந்த தலையோடு பெட்டியை எடுத்து மூடியைத் தள்ளினேன்.

மூடி அசையவில்லை. என் கணவரும் வாங்கித் தள்ளிப் பார்த்தார். மரம் ஊதிக் காடிக்குள் இறுகிக் கிடந்தது. திறக்காத பெட்டி என்றால் அந்தக் காலத்தில் வேறு அர்த்தம். சார்ஜன் இரண்டடி பின்னால் போய், அதைக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு என் கணவரை வெளியே வரச் சொன்னார்.

பட்டறைக்கு ஓடி உளியும் சுத்தியலுமாக வந்தேன். கான்ஸ்டபிள் துவக்கை உயர்த்தினான். "கடதாசி மட்டும்தான்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தியபடி தரையில் குந்தினேன். பூவின் நடுவில் உளியை வைத்து இரண்டு அடி. மூடி பிளந்தது.

சார்ஜன் கடதாசியை வாசித்தார், என் கணவரின் முகத்தைப் பார்த்தார், திருப்பித் தந்தார். போகும்போது, "லஸ்ஸன பெட்டிய" என்றார். அழகான பெட்டியாம். கதவைச் சாத்தியதும் நான் அழுதேன். பயத்தைவிட ஆத்திரம்தான் கூட. அவர் ஒன்றும் பகிடி விடாமல் மரச் சிலும்புகளைப் பொறுக்கினார்.

அடுத்த நாளே திரும்பத் தொடங்கினேன். இம்முறை அவருடைய அடையாள அட்டையை வாங்கி, காடிக்குள் மூடிக்குப் பக்கத்தில் அது தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் விட்டேன். மூடியைத் தள்ளினால் கடகடத்தது. என் தொழிலுக்கு அது மானக்கேடு. இருக்கட்டும் என்று அதன் மேலும் அதே பூவைச் செதுக்கினேன்.

புதுப் பெட்டி வாசலுக்கு வந்து சில நாட்களின் பின், காலையில் குசினியில் நிற்கையில் கடகடவென்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு அவர் குனிந்து நின்று மூடியைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார், மூடினார். பிறகு மற்றச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் மூடி இரண்டு தரம் திறந்து மூடும் சத்தம் கேட்கும்வரை குசினியை விட்டு வெளியே வருவதில்லை.