தூசியா, விண்மீன் மண்டலமா?

கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத கதிரால் படம் எடுப்பது எனக்குப் புதிதல்ல. அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாட்டில் நானா சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

என் மூத்த சகோதரரான நானா கல்முனைக்குடியில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறார். விண்வெளித் தொலைகாட்டி எடுத்த ஒரு படத்தைக் கைபேசியில் அவரிடம் காட்டினேன். பிரபஞ்சத்தின் ஆரம்பகால விண்மீன் மண்டலங்கள் அதில் இருந்தன.

"இது நாங்க கல்யாண அல்பத்துக்குச் செய்யிற வேலதான் புள்ள. கலர் போட்டிருக்கானுகள்."

"கலர் போட்டதுதான் நானா. ஆனா பொருள் அங்க இருக்கு."

"நீ போய்ப் பாத்தியா?"

மதினி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தத் தொலைகாட்டியின் மூலப் படங்களை யாரும் இணையத்தில் எடுக்கலாம் என்று வாசித்திருந்தேன். நானே எடுத்து, நானே பார்ப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த ஒளி ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்கிறது. பிரபஞ்சம் விரிவதால் அதுவும் வழியில் நீண்டு, சிவப்பையும் தாண்டிக் கண்ணுக்கு எட்டாத கதிராகிவிடுகிறது. அதில் பெரும்பகுதியை நமது காற்று மறித்துவிடும். பூமியின் வெப்பமும் அதே வகைக் கதிர் என்பதால் மிச்சமும் அதற்குள் அமிழ்ந்துவிடும். அதனால்தான் தொலைகாட்டியைத் தூரத்தில் வைத்து, வெயில் படாமல் திரை கட்டிக் குளிரவைத்திருக்கிறார்கள்.

படங்களை இறக்குவது லேசாக இருக்கவில்லை. இணைப்பு பாதியில் அறுந்தது. திரும்பத் தொடங்கினேன். கடைசியில் என் மடிக்கணினி அவற்றைத் திறக்க முடியாமல் உறைந்து நின்றது. வேறு வழியில்லை. ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பின் நானாவின் ஸ்டூடியோவுக்கே போனேன்.

அவருடைய கணினியில் அவை திறந்தன. வெவ்வேறு அலைநீளத்துக்கான வடிகட்டிகளில் எடுத்த சாம்பல் நிறப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினார். அது அவருக்குக் கை வந்த வேலை.

"இஞ்ச பாரு. இந்தப் புள்ளி மேல் படத்துல கிடக்கு. கீழ ரெண்டுலயும் இல்ல. தூசி."

நான் தேடியது அப்படியொரு புள்ளியைத்தான்; மேலே இருந்தது நீண்ட அலைப் படம். மிகத் தொலைவிலுள்ள மண்டலத்தின் குறுகிய அலை ஒளியை இடையிலுள்ள ஐதரசன் வாயு விழுங்கிவிடும். ஆகவே அது சில வடிகட்டிகளில் தெரியாது, நீண்ட அலைக்குரியவற்றில் மட்டும் தெரியும். ஆனால் தூசி இல்லையென்று எப்படிச் சொல்வது?

"நானா, ஒரே இடத்தைக் கொஞ்சம் கொஞ்சம் நகத்தி நகத்தித்தான் எடுத்திருக்காங்க. தனித்தனிப் படத்தைத் திறங்க. கமராவுல உள்ள தூசியெண்டா படத்துல ஒரே இடத்துல நிக்கும்."

ஒவ்வொன்றாகத் திறந்தார். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் அந்தப் புள்ளி பக்கத்து மண்டலங்களோடு சேர்ந்தே நகர்ந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்க ஒருவர் வந்தார். "கொஞ்சம் இரிங்க" என்று சொல்லிவிட்டு நானா மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"தூசி இல்ல," என்றார்.

"அப்ப நம்புறீங்களா?"

"தூசி இல்லயெண்டுதான் சொன்ன நான்."

அதுவும் சரிதான். கிட்டவுள்ள ஏதாவது சிவப்புப் பொருளும் அப்படித் தெரியலாம். ஒளியைப் பிரித்துப் பார்த்தால்தான் தூரம் உறுதியாகும். சில நாள் இணையத்தில் தேடியபின், வானியலாளர்கள் அதை ஏற்கெனவே செய்திருப்பது தெரிந்தது. எங்கள் புள்ளி உண்மையிலேயே ஆரம்பகால மண்டலம்தான். நானாவுக்கு உடனே போன் எடுத்தேன்.

"அப்ப நாம கண்டுபிடிக்கல்லயா?" அவர் குரலில் என்னைவிட ஏமாற்றம்.

"வானத்துல வேற இடமும் கிடக்கு நானா."

"ஓம். அப்ப அடுத்தது எந்த இடம்?"

இப்போது இன்னொரு வான்பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.