எடைக்கு எடை வெல்லம்

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்த வருடம் மாமா எங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார்: தங்கச்சி பிழைத்து எழுந்தால் அவள் எடைக்கு எடை வெல்லம். மருந்து ஏற்றி முடித்தபோது அம்மாவுக்குத் தலையில் முடியில்லை, நாக்கில் ருசியில்லை, உடம்பில் சதையில்லை. இந்த எடைக்குக் கொடுத்தால் அம்மனே சிரிப்பாள் என்று மாமா பங்குனிப் பொங்கலுக்குத் தள்ளிவைத்தார்.

திருச்சுழி சாலையில் மாமாவுக்கு மிளகாய் வத்தல் கடை. மூட்டை நிறுக்கும் தராசில் ஞாயிறுதோறும் அம்மாவை ஏற்றிப் பார்ப்பார். தை பிறந்ததும் எடை கூடத் தொடங்கியது. மெட்டி விரலை இறுக்கியது. கொலுசைக் கழற்றிவைக்க வேண்டியதாயிற்று.

“மருமகளே, ஒங்காத்தா வெல்லச் சந்தையவே காலி பண்ணிருவா போல” என்று சொல்லி, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மாமா டீ வாங்கிக் கொடுத்தார்.

“கண்ணு வைக்காதீக அண்ணே” என்று அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். அந்த மூச்சு வாங்கலை வத்தல் நெடி என்றே எல்லோரும் நினைத்தோம்.

எனக்கு அதில் ஒரு தனி லாபம். நீட்டி வைத்த அம்மாவின் காலில் விரலை அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். இரண்டு வரிசை போட்டு, புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடினேன்.

“வெரசா ஆடுடி, குழி மூடிரும்” என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

மாசியில் மதுரை ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். அம்மா நன்றாக இருப்பதாகச் சொன்னாள். மாமா கூடிய எடையைப் பெருமையாகச் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்: “அம்மா காலுல பல்லாங்குழி ஆடலாம்.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. மேசையைச் சுற்றி வந்து, அம்மாவின் காலில் தன் கட்டைவிரலால் ஒரு குழி போட்டுப் பார்த்தார். அன்றே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியைக் கரைத்த சிவப்பு மருந்து இதயத்தையும் தொட்டிருந்தது; ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்து, உடம்பில் நீர் தேங்கியிருந்தது.

“இது சதையில்ல, தண்ணி. இப்பவே தெரிஞ்சது நல்லது, மாத்திரையில தேத்தலாம்” என்றார்.

“நம்ம தண்ணியவா நிறுத்துக்கிட்டுக் கெடந்தோம்” என்றார் மாமா.

எனக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது. விளையாட்டு டாக்டரம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். இன்று எக்கோ எடுப்பதுதான் என் வேலை. யார் வந்து படுத்தாலும் என் கை முதலில் காலுக்குத்தான் போகிறது.

மாத்திரை, உப்பில்லாக் குழம்பு, அளந்து குடிக்கும் தண்ணீர் என்று நாள்கள் போயின. அம்மாவின் கால் வற்றியது. என் ஆட்டமும் போயிற்று. பங்குனிப் பொங்கலன்று கோயில் வாசலில் ஒரு தட்டில் அம்மா, மறு தட்டில் வெல்லம். கூடியிருந்த எடைக்கு மாமா முன்பே வாங்கிவைத்ததில் ஒரு சிப்பம் பிரிக்கப்படாமலே மிஞ்சியது.

“சாமிக்குக் கொறையுதே மாமா” என்று அழாத குறையாகச் சொன்னேன்.

“கொறையட்டும் மருமகளே” என்று மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா தட்டிலிருந்து இறங்கி, கொலுசு ஒலிக்கக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள்.

அம்மன் ஒரு சிப்பம் வெல்லம் ஏமாந்துபோனதற்கு ஊரே ஏன் இப்படிக் குலவை போடுகிறது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.