ஹவ் என்றால் சம்மதம்

ஹைதராபாத் மல்லாபூரில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் துரைராஜ் சூப்பர்வைசர். பெல்ட்டில் மூடிகள் வரிசையாக வரும். தேறும், தேறாது என்று கண்ணாலேயே பிரித்துத் தள்ளிவிடுவார். கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் போதும், மனிதருக்கு ஒரு முடிவும் எடுக்க வராது. ஓட்டலில் உட்கார்ந்து இட்லியா தோசையா என்று யோசித்து முடிப்பதற்குள் பக்கத்து மேஜைக்காரர் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். கடைசியில் அவர் சாப்பிட்டதையே தனக்கும் சொல்லுவார். அது பிடிக்கவும் பிடிக்காது.

இப்பேர்ப்பட்டவர் தலையில்தான் மகள் ஹர்ஷிதா பிறந்தநாள் பரிசாக ஒரு டிராக் டேயைக் கட்டினாள். ரேஸ் கார்கள் ஓடுவதற்காகப் போட்ட பாதையில், எதிரே லாரியோ குறுக்கே மாடோ வராமல், நம் சொந்தக் காரை நாமே ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பேர் டிராக் டே. கொண்டாப்பூரில் அவள் வேலை பார்க்கும் ஐடி கம்பெனியில் நாலு பேர் போய் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கும் ஓர் இடம் பதிவு செய்துவிட்டாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் துரைராஜ்தான். ஒரு நாள் ஈசிஐஎல் சிக்னலில் நின்று நின்று நொந்துபோய், "இந்த வண்டியில அஞ்சாவது கியர் கைக்கு வெச்சான்னே தெரியலடி" என்று மகளிடம் சொல்லித் தொலைத்தார். 'கைக்கு' என்றால் அங்கே 'எதற்கு' என்று அர்த்தம். துரைராஜின் முப்பாட்டன் வேலூர்ப் பக்கமிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சிகந்தராபாத்துக்கு வந்தவர். அன்றிலிருந்து குடும்பத்தின் தமிழில் ஊர் உருது கலந்து போயிற்று. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார்கள். ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. மூச்சு விடுவது போல அது தன்பாட்டுக்கு வரும். தான் சொல்வதே துரைராஜுக்குத் தெரியாது.

அவுட்டர் ரிங் ரோட்டில் போய் ஐந்தாவது கியரைப் போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். போனார். பக்கத்தில் மனைவி நீலா இருந்தாள். முள் அறுபதைத் தாண்டியதும், "ஏங்க, நாம என்ன ஆம்புலன்ஸா?" என்றாள். நாலாவது கியரோடு வீடு திரும்பினார்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கார் அவளுடையது. நீலா பிசியோதெரபிஸ்ட். அவர்கள் குடியிருக்கும் சைனிக்புரி முழுக்க ரிட்டயரான ராணுவ அதிகாரிகள். சண்டையில் மடங்காத முட்டிகள் எல்லாம் இப்போது மாடிப்படியில் மடங்க மாட்டேன் என்கின்றன. காலையிலிருந்து பொழுது சாயும்வரை வீடு வீடாகப் போய் அந்த முட்டிகளை மடக்கி நீட்டுவதுதான் நீலாவின் தொழில். கரண்ட் வைக்கும் மெஷின், ரப்பர் பந்துகள், மடிக்கும் மேஜை எல்லாம் அந்தச் சின்ன சிவப்புக் காரின் டிக்கியில்தான் குடியிருக்கின்றன. கார் ஒரு மாதம் ஒர்க் ஷாப்பில் படுத்தால் முட்டிகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அவள் சேர்த்த தொழில் அது.

"டிராக்கோ கிராக்கோ, தாராளமாப் போங்க" என்றாள். "ஆனா வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா கர்னல் வீட்டுக்கு மெஷின நான் தலையில வச்சிக்கிட்டா போவேன்? இன்சூரன்ஸ் இருக்குன்னு காட்டுங்க, சாவியத் தாரேன்."

நீலா பாளையங்கோட்டைக்காரி. அவளைப் பெண் பார்க்கப் போன கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்தபின் நீலாவின் அப்பா, "மாப்பிள்ளைக்குப் பொண்ணப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். துரைராஜ் வெட்கத்தோடு, "ஹவ்" என்றார். பெரியவர் இங்கிலீஷ் வாத்தியார். எப்படிப் பிடிக்கும் என்று பையன் இங்கிலீஷில் மடக்குகிறான் என்று நினைத்துக்கொண்டார். "எப்படின்னா தம்பி, நல்லாப் படிச்சிருக்கா, வீட்டு வேல எல்லாம் செய்வா..." என்று ஆரம்பித்தார். மகளின் பெருமையைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று துரைராஜ் மரியாதையாக, "ஹவ், ஹவ்" என்றார். அவர் முகம் கறுத்துவிட்டது. "இன்னும் என்னதான்யா வேணும் இவனுக்கு?" என்று எழுந்தேவிட்டார். துரைராஜின் அம்மா குறுக்கே பாய்ந்து, எங்கள் ஊரில் ஆமாம் என்றால் இப்படித்தான் என்று சொல்லியிராவிட்டால் இன்றைக்கு ஹர்ஷிதாவும் இல்லை, டிராக் டேயும் இல்லை. ஹைதராபாத்துக்கு வந்து இத்தனை வருஷத்தில் தெலுங்கு, ஹிந்தி எல்லாம் கற்றுக்கொண்ட நீலா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாயில் போட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தாள். "எங்கப்பாவ எழுந்திரிக்க வச்ச வார்த்த" என்பாள்.

துரைராஜ் முதலில் போனது அப்துல் ரஹீமிடம். வருஷா வருஷம் காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கொடுப்பவர். தமிழ்க்காரர்களோடு பழகிப் பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார்.

"டிராக் மேல போனா உங்க பாலிசி நை சல்தா சாப், செல்லாது. ரேஸ்னா பாலிசி ஃபினிஷ்."

"ரேஸ் இல்ல பாய். டிரெயினிங். டிராக்காரன் பேப்பர்லயே 'இது பந்தயம் அல்ல'ன்னு போட்டிருக்கான்."

"ரேஸ் நை? அப்போ ஹெல்மெட் கைக்கு?"

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் யாராவது கேட்டிருந்தால், ஹெல்மெட்டை ஏன் கையில் மாட்டுகிறார்கள் என்று தனியாகக் குழம்பியிருப்பார். துரைராஜுக்கு இருக்கிற குழப்பமே போதுமானதாக இருந்தது. பந்தயம் இல்லை என்று டிராக்காரன் சொல்கிறான். வேகமாக ஓட்டிப் பார்த்தாலே அது பந்தயம் மாதிரிதான் என்று பாலிசி சொல்கிறது. அப்படியானால் இது என்னதான்?

அதற்கென்றே ஒரு நாள் இன்சூரன்ஸ் இருப்பதாக ஹர்ஷிதா கண்டுபிடித்துச் சொன்னாள். விவரம் வந்தது. துரைராஜ் படித்தார். மோதினால் பணம் தருவார்கள், ஆனால் முதல் பங்கு நாம் போட வேண்டும். டயர் போனால் கிடையாது. இன்ஜின் தானாகப் போனால் கிடையாது. ஓரத்துத் தடுப்பை இடித்தால் காருக்கு உண்டு, தடுப்புக்குக் கிடையாது. படித்து முடித்ததும், காரைத் தனியாகவும் தடுப்பைத் தனியாகவும் இடிப்பது எப்படி என்று யோசித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எடுத்தால், போய் இடிக்கப் போகிறேன் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. எடுக்காமல் போனால் கட்டாயம் இடிக்கும், அவர் ராசி அப்படி. எடுத்துவிட்டு இடிக்காமல் வந்தால் காசு தண்டம். எடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கொஞ்சம் அழுத்தி ஓட்டி, அதனாலேயே இடித்துவிட்டால்? போகாமலே இருந்துவிட்டால்? அதற்கு மட்டும் மனசு ஒப்பவே இல்லை. தனக்கு அவ்வளவு ஆசை இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"டாடி, ஜஸ்ட் ஸே யெஸ்" என்றாள் ஹர்ஷிதா. தமிழ் புரியும், பதிலில் மட்டும் எல்லாப் பாஷையும் கலந்து வரும். "பேமென்ட் நேனு சேஸ்தா, நானே கட்டிடறேன். ஓட்டுறவங்கதான் கன்ஸென்ட் சொல்லணுமாம். கால் வரும். யெஸ் சொல்லு, அவ்வளவே."

வெள்ளிக்கிழமை கால் வந்தது. துரைராஜ் பெல்ட் பக்கத்தில் நின்றிருந்தார். மெஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தார். சென்னையிலிருந்து பத்மப்ரியா என்று ஒரு பெண். பெயரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினாள்.

"சார், இந்த ஒரு நாள் கவர் எடுத்துக்க உங்களுக்குச் சம்மதமா? உங்க பதில் ரெக்கார்ட் ஆகும் சார்."

துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டார். நீலாவின் மெஷின் கண்முன் வந்தது. முடிவெடுத்துவிட்டார். வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் அவர் எடுத்த ஒன்றிரண்டு முடிவுகளில் இது ஒன்று.

"ஹவ்" என்றார்.

"எப்படின்னா சார், டிராக்ல உங்க வண்டிக்கு டேமேஜ் ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னாள். நல்ல பொறுப்பான பெண் என்று துரைராஜ் நினைத்தார்.

"இப்ப சம்மதமா சார்?"

"ஹவ்."

"அதாவது சார், முதல் பங்கு நீங்க கட்டணும், மீதிய நாங்க..." மறுபடி முதலிலிருந்து வந்தது. துரைராஜுக்குத் தலை சுற்றியது. சட்டப்படி இத்தனை தடவை சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டார்.

"ஹவ்மா, ஹவ்! எத்தினி வாட்டி சொல்றது?"

"சரி சார், எல்லாத்தையும் மெயில்ல அனுப்பிடறேன். படிச்சுப் பாருங்க."

மெயில் வந்தது. துரைராஜ் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீலாவிடம் போனைத் தூக்கிக் காட்டி, "ஆச்சு, எடுத்தாச்சு" என்றார். அன்றைக்கு ஓட்டலுக்குப் போய், உட்கார்ந்தவுடனே தோசை என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள். மெஷினை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, தன் காரை வழியனுப்ப வருவது போல நீலாவும் வந்தாள். சாவி அவளிடம்தான் இருந்தது. டிராக், ஷாத்நகரைத் தாண்டி இருந்தது. கறுப்பு ரோடு வளைந்து வளைந்து போயிற்று. ஒரு சிக்னல் இல்லை, ஒரு ஸ்பீட் பிரேக்கர் இல்லை. வாடகை ஹெல்மெட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பதிவு செய்யும் மேஜையில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். போனைக் கொடுத்தார். அங்கிருந்தவர் படித்துவிட்டு, இதில் பாலிசி எதுவும் இல்லையே, விவரம்தானே இருக்கிறது என்றார். ஹர்ஷிதா பிடுங்கிப் படித்தாள். 'நீங்கள் கேட்ட விளக்கங்கள் கீழே' என்றுதான் மெயில் ஆரம்பித்திருந்தது. பணம் கட்டச் சொல்லித் தனக்கும் எதுவும் வரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே பத்மப்ரியாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் மூணு தடவ கேட்டேன் மேடம். சார் ஒவ்வொரு தடவையும் 'ஹவ்? ஹவ்?'னு கேட்டுட்டே இருந்தாங்க. நானும் எப்படின்னு சொல்லிட்டே இருந்தேன். கடைசியில கோவிச்சுக்கிட்டாங்க."

ஹர்ஷிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை. துரைராஜ் போனருகே குனிந்து, "யெஸ்மா! இப்ப சொல்றேன், யெஸ்!" என்றார்.

"இன்னிக்கு ஓட்டறதுக்கு இன்னிக்கே எடுக்க முடியாது சார். சாரி சார்."

மேஜைக்காரர், இன்சூரன்ஸ் இல்லாமலும் ஓட்டலாம், சேதம் ஆனால் உங்கள் பாடு, சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார். முடிவு! போயும் போயும் துரைராஜைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அவர் டிராக்கைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நீலாவைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வயதுக்கு ஒரு ஆமாம் சொல்லக்கூடத் துப்பில்லாமல் போயிற்றே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

"நக்கோ" என்றார். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார். "விடு, வீட்டுக்குப் போலாம். நாளைக்கு கர்னல் வீடு இருக்கு உனக்கு."

நீலா நகரவில்லை. ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எங்கப்பா என்னக் குடுக்கையில இன்சூரன்ஸா எடுத்தாக?" என்றாள். "ஒரு எழவும் புரியாம, நீங்க சொன்ன ஒத்த வார்த்தைய நம்பித்தான குடுத்தாக? நான் ஒண்ணும் உடைஞ்சு போகலியே."

துரைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவசர அவசரமாகக் கேட்டார்: "உன் வண்டி நீலா. இடிச்சா உன் பொழப்பு. அப்ப... நான் ஓட்டட்டுமா?"

"ஹவ்" என்றாள் நீலா.

துரைராஜ் திகைத்தார். எப்படி என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். "எப்படின்னா நீலா, மொதல் ரவுண்டு முழுக்க ரெண்டாவது கியர்லயே போவேன். வளைவு வந்தா முன்னாடியே பிரேக். ரோடு பழகினப்புறம் மூணாவது. நேர் ரோட்ல மட்டும் நாலாவது. நாலாவதுலயும் எப்படின்னா..." என்று விரல்விட்டு விளக்கிக்கொண்டே போனவர், ஐந்தாவது விரலை மடக்கப் பார்த்தார். முடியவில்லை. உள்ளங்கையில் நீலா வைத்த கார்ச்சாவி இருந்தது.