கிறிஸ்டல்லூ போட்ட எட்டு

சைப்ரஸ் தீவின் லிமசோல் நகரத்து அகதிக் குடியிருப்பில் கிறிஸ்டல்லூவின் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. பொய் மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. கல்யாண விருந்தில் ஆட்டுக்கறி வேகவில்லை என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே சொல்லிவிட்டு வந்தவள்.

ஒரே மகன் பனிக்கோஸ். எழுபத்து நான்கில் துருக்கிப் படை வந்தபோது சண்டைக்குப் போனவன், ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. பத்து வருடம் ஓடிவிட்டது. புருஷன் ஹம்பிஸ் மகனுக்குத் திவசமே கொடுத்துவிட்டார். இவள் கோயில் பக்கம் போகவில்லை. "செத்ததை எவன் பாத்தான்?" என்று ஒரே பேச்சு.

அந்த வருடம் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு, சைப்ரஸ் சார்பில் பாட்டுக்கு ஒன்றிலிருந்து பத்துவரை மார்க் போடப் பொதுமக்களில் சிலரைக் கூப்பிட்டார்கள். அதில் இவளும் ஒருத்தி. குடியிருப்பே கொண்டாடியது. ஹம்பிஸ் மட்டும் வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"துருக்கிக்காரனுக்கு ஒரு மார்க்குக்கு மேல போட்டே, இந்தப் படி ஏறாதே. சொல்லிட்டேன்."

"போட மாட்டேன், வழியை விடுங்க," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

தலைநகர் நிக்கோசியாவில் எல்லாரையும் ஒரு டி.வி.க்கு முன்னால் உட்கார வைத்தார்கள். துருக்கியின் முறை வந்ததும் பக்கத்திலிருந்த நாவிதர் ஃபிரிக்ஸோஸ், பாட்டு தொடங்கும் முன்பே ஒன்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அதற்குக் கீழே போட வழியில்லை, அதனால்தான் ஒன்று. பாவி மனுஷி, இவள் காதைத் திறந்து வைத்திருந்தாள். பாட்டு நன்றாக இருந்தது. என்ன செய்வாள்? எட்டு என்று எழுதினாள்.

ஃபிரிக்ஸோஸ் எட்டிப் பார்த்துவிட்டார். "அக்கா, உனக்குப் புத்தி பிசகிருச்சா? பெத்த பிள்ளையைக் கொண்டுபோனவங்களுக்கா எட்டு?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். எட்டை அடித்துத் திருத்தவில்லை. மற்றவர்கள் எல்லாரும் ஒன்றுதான் போட்டிருந்தார்கள். கூட்டிப் பார்த்து முதல் பத்து இடத்தில் வந்த பாட்டுகளுக்குத்தான் நாட்டின் புள்ளி என்பதால், சைப்ரஸிடமிருந்து துருக்கிக்கு ஒரு புள்ளிகூடப் போகவில்லை. அந்த எட்டு வெளியே யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். ஹம்பிஸ் காப்பிக் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

"ஏன் அங்கேயே நிக்கிற? எவ்வளவு போட்டே?"

"எட்டு."

அவர் முகம் சிவந்தது. "எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?"

"நம்ம பிள்ளை உயிரோட இருந்தா அந்தத் துருக்கிக்காரன் ஊர்லதானே இருப்பான்? அவன் காதுல விழறது இந்தப் பாட்டுத்தானே? அதைக் கேவலம்னு எப்படிங்க எழுதுவேன்?"

முந்தின நாள் துருக்கியின் பாட்டு வந்ததும் ஊரெல்லாம் செய்ததுபோல ஹம்பிஸும் டி.வி.யை அணைத்திருந்தார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, மெல்லப் படியில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"மெட்டு ஞாபகம் இருக்கா? பாடேன், நானும் கேக்குறேன்."