இரும்புச்சாமி சாகும் காட்சி

மருமகள் பூசும் நெயில் பாலிஷ் வாடை எனக்கு ஆகாது. என் சின்ன வயதில் அருப்புக்கோட்டை டூரிங் கொட்டகையில் பிலிமை வெட்டி ஒட்டிய பசையும் இப்படித்தான் நாறும். வெள்ளைக்காரப் படத்தில் வந்த இரும்பு மனிதனைக் கருப்பசாமி என்று நம்பி எங்கள் சனம் திரைக்கு முன்னால் சூடம் ஏற்ற, சாமி செத்தால் கூட்டம் வராதென்று கொட்டகைக்காரப் பாவி அவன் சாகும் காட்சியையே வெட்டிவிட்டான்.

முன்பே பந்தல்குடியில் முழுப்படமும் பார்த்திருந்த என் சேக்காளி நாகம்மா, “கடைசியில செத்துப்போறான்டி” என்றாள்.

“பொய்க்காரி! சாமி சாகுமா?” என்று அறைந்தேன்.

கொட்டகை பிரித்த இடத்தில் வெட்டிய துண்டு கிடந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால், இரும்பு மனிதன் மல்லாந்து கிடக்கிறான். அவளிடம் காட்டாமல் அடுப்பில் போட்டேன். குப்பென்று பற்றி என் புருவத்தைப் பொசுக்கியது.

“புருவம் எங்கடி?” என்றாள் நாகம்மா.

“சாமி செத்துச்சுன்னு நீ சொன்ன குத்தம்.”

அவள் அழுதுகொண்டே கருப்பசாமிக்குச் சூடம் ஏற்றினாள்.