கடல் மேற்கே போன வரைபடம்

செங்கல்பட்டு மாவட்டத்துக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. எங்கள் சித்தப்பா ஒரே ஒரு முறை அதை மேற்கே கொண்டுபோய் வைத்தார். அதனால்தான் நான் இன்று கல்லூரியில் படிக்கிறேன் என்று சொன்னால் விடுதி நண்பர்கள் நம்புவதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் யாரும் அதுவரைகூட வந்ததில்லை. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். சித்தப்பாவுக்கு அதுவும் இல்லை. பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் எங்கள் காஞ்சிபுரத்து வீட்டுத் தறியில் அப்பாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு, ஊடுநூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

அந்த ஆண்டு பள்ளியில் பொருட்காட்சி வைத்தார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் சேர்ந்திருந்த நம் மாவட்டத்தைப் பெரிதாக வரைந்து மாட்டி, எந்தத் தாலுகா எங்கே, அங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று விளக்கவேண்டும். வாத்தியார் எனக்குக் கொடுத்த வேலை இது. பரிசு கொடுக்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரே வருகிறார் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கை ஓட்டத்தை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்.

"மொதல் பரிசு வாங்குனா பெரிய ஸ்கூல்ல சேக்கறேன். இல்லாங்காட்டி முழு நாளும் இங்கதான். அப்பால அழுதுக்கினு நிக்கக்கூடாது."

"மொதல் பரிசுதான் நைனா," என்றேன். துணிச்சலில் சொன்னதல்ல, வேறு பதில் இல்லாததால் சொன்னது.

அன்றிலிருந்து நாடாவைத் தள்ளும்போதெல்லாம் வடக்கிலிருந்து தொடங்கி ஒரு தாலுகா பெயர் சொன்னேன். பொன்னேரி, ஒரு தள்ளு. திருவள்ளூர், ஒரு தள்ளு. நாலாம் வகுப்புப் படித்த தங்கை மூலையில் ராட்டினத்தில் நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே என்னைக் கவனிப்பாள். "அண்ணே, சைதாப்பேட்டைய முழுங்கிட்ட பாரு!" என்று சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும்.

மக்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் நாலே வரிதான் இருந்தது. அதனால் தெருவில் போய்க் கேட்டேன். சாயக்காரர் வீட்டு அம்மா, "வீட்ல தெலுங்குதான்டா கண்ணு. சண்ட போட அதான் வசதி," என்றார். சரிகை கொண்டுவரும் பாய் வீட்டில் உருது. பழவேற்காட்டிலிருந்து கருவாடு விற்க வருபவர், "நாங்க கடல்காரங்க, எங்களையும் எழுதிக்கோ," என்று நின்று சொல்லிவிட்டுப் போனார்.

வரைபடம் சித்தப்பாவின் பொறுப்பு. தறிக்குப் பூ, அன்னம், யானை எல்லாம் கட்டம் போட்டு வரைந்து கொடுப்பவர் அவர். பாடப்புத்தகத்தையும் நான் பெயர் எழுதிய சீட்டுகளையும் வாங்கிக்கொண்டார். கஞ்சி போட்ட மெல்லிய மல் துணியில் நாலு முழத்துக்குச் சாயத்தால் வரைந்தார். எழுத்தும் அவருக்கு ஒரு பூதான். புத்தகத்தோடு வளைவுக்கு வளைவு ஒப்பிட்டுச் சீட்டுகளை ஒட்டினார். பொருட்காட்சி அன்று காலைதான் சுருட்டி எடுத்துவந்து சுவரில் விரித்து மாட்டினார்.

பாலாறு அழகாக வளைந்து ஓடியது. ஆனால் ஓடிய திசைதான் வேறு. வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடல் வேலூர் பக்கம் போயிடுச்சேய்யா!"

சித்தப்பா அசரவில்லை. "தறியில சேலையோட மொகம் கீழதான சார் இருக்கும்? அன்னம் சோத்தாங்கைப் பக்கம் பாக்கணும்னா பீச்சாங்கைப் பக்கம் பாக்கறாப்லதான் போடணும். உங்க ஜில்லாவுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

எனக்கு அழுகை முட்டியது. முழு நாளும் தறி என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு துணியைப் பிடித்துப் பார்த்தேன். சாயம் மறுபக்கம் வரை ஊறி இறங்கியிருந்தது.

"சித்தப்பா, திருப்பி மாட்டு!"

திருப்பினோம். கடல் கிழக்கே வந்து சேர்ந்தது. ஆனால் நான் எழுதிய சீட்டுகள் எல்லாம் சுவர்ப் பக்கம் போய்விட்டன. அவற்றை உரித்து ஒட்ட நேரமில்லை; வாசலில் ஜீப் வந்து நின்றுவிட்டது.

"பேரே போடலியேப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் சொல்றேங்க ஐயா."

குச்சியை எடுத்தேன். கூட்டத்தின் ஓரத்தில் அப்பா கைகட்டி நின்றிருந்தார். என் இடது கை தன்னால் நாடா தள்ளுவதுபோல அசைந்தது. பொன்னேரி. திருவள்ளூர். திருத்தணி. அதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் தங்கை நின்றிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. "ஸ்ரீபெரும்புதூர்!" என்று கத்தினேன். பிறகு சைதாப்பேட்டையை விழுங்கவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மதுராந்தகம் என்று தெற்குக் கரை வரை ஓடி முடித்தேன்.

"சரி, மக்கள்?"

"பழவேற்காட்டுப் பக்கம் கடல்காரங்க. திருத்தணிப் பக்கம் நெறைய தெலுங்கு. செங்கல்பட்டுக் காட்டோரம் இருளருங்க, மூலிகை எல்லாம் அவங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல எல்லாரும் இருக்காங்க ஐயா. சாயம் போடறது தெலுங்கு, சரிகை தர்றது உருது, நெய்யறது தமிழ். அப்பறம்தான் சேலை."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எந்தப் புத்தகத்துல இருக்குது?"

"எங்க தெருவுலதாங்க இருக்குது."

பள்ளி முழுக்கச் சிரித்தது, கை தட்டியது. முதல் பரிசு எனக்குத்தான். வரைபடத்தைக் கல்யாணச் சேலைபோல மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா தெருவில் நடந்தார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "எம் பையன் ஜில்லாவையே மனப்பாடமா வெச்சிருக்கான்பா," என்றார். சித்தப்பாவோ, தான் இடவலம் மாற்றிப் போட்டதால்தான் பையன் ஜெயித்தான் என்று கடைசிவரை பெருமையடித்தார். அது உண்மைதான்.

ஜூனில் புது அரைக்கால் சட்டையும் புதுப் பையுமாகப் பெரிய பள்ளிக்குக் கிளம்பினேன். தறியில் என் இடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சிலேட்டு மூலையில் ராட்டினத்தின் மேல் கிடந்தது. நாடாவைத் தள்ளுகிற ஒவ்வொரு முறையும் ஒரு தாலுகா பெயர் சொன்னாள். பொன்னேரி முதல் மதுராந்தகம் வரை ஒன்றையும் விடவில்லை, எங்கேயும் திக்கவில்லை.

என் வெற்றியைத்தான் பாடுகிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. வாசற்படியில் நின்று வாத்தியார்போல, "கரெக்டா சொல்ற, பரவால்ல!" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மணி அடித்துவிடுமே என்று நான் ஓடிவிட்டேன்.